போதைச் சட்டத்தில் ஒரு வரியை மாற்ற என்ன வேண்டும்? எல்லைப்புற ஊர்களுக்கு ஒரு விரிவான பதில்

கேட்டவர்கள் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து இளைஞர் மன்றத்தினர். ஊரில் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் கஞ்சாவோடு பிடிபட்டு வழக்கில் மாட்டுகிறார்கள். விட நினைப்பவனுக்குப் பக்கத்தில் சிகிச்சை இல்லை. ஊர்வலம் போனார்கள், போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று உறுதிமொழி எடுத்தார்கள், எதுவும் மாறவில்லை. போதை தொடர்பான சட்டத்தையும் நடைமுறையையும் மாற்றிக் காட்டிய இயக்கங்கள் எதனால் ஜெயித்தன, நாங்கள் எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி.

ஜெயித்தவர்கள் கையில் ஒரு தெளிவான வரி இருந்தது. எந்தச் சட்டத்தின் எந்த விதி மாற வேண்டும், அதில் கையெழுத்துப் போடும் அதிகாரி யார், கையெழுத்தான மறுநாள் எந்த ஆஸ்பத்திரியில் அல்லது எந்த ஸ்டேஷனில் என்ன வித்தியாசம் தெரியும் என்பதை அவர்கள் எழுதியே வைத்திருந்தார்கள். உத்தரவு வந்த பிறகும் வீட்டுக்குப் போகவில்லை. இந்த இரண்டும் இல்லாத இடங்களில் எவ்வளவு பெரிய கூட்டம் சேர்ந்தாலும் அது கலைந்துதான் போயிருக்கிறது. 'போதையை ஒழிப்போம்' என்பதில் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்கும் வழியில்லை.

இதற்கு நல்ல உதாரணம் நீங்கள் இருக்கும் கேரளத்திலேயே இருக்கிறது. அது மார்ஃபின் கதை. பலர் அதைப் போதைக் கொள்கைச் சீர்திருத்தம் என்று நினைப்பதே இல்லை. இந்தியாவில் நடந்ததிலேயே முழுமையாக ஜெயித்தது அதுதான் என்பேன்.

1985-ல் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டம், அதாவது எல்லோரும் என்டிபிஎஸ் என்று சொல்லும் சட்டம், வந்தது. பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். கணக்கு எழுதுவதில் வந்த பிழைக்கும் அதே பயம். புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினுக்கு ஒரு ஆஸ்பத்திரி பல லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது: வைத்திருக்க ஒன்று, மாநிலத்துக்குள் கொண்டுவர ஒன்று, அனுப்பும் மாநிலத்திலிருந்து வெளியே எடுக்க ஒன்று, வழியில் கொண்டுபோக ஒன்று. எல்லாம் ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். எக்ஸைஸ் (கலால்) துறை ஒன்றைக் கொடுக்கும்போது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கொடுத்த இன்னொன்றின் தேதி முடிந்திருக்கும். மருந்துக்கடைக்காரர்கள் வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் சரிந்து 1997-ல் வெறும் 18 கிலோ ஆனது. மருத்துவத்துக்காக அபின் விளைவித்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டில் இந்த நிலை.

1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் மற்றவர்களும் சேர்ந்து வலி மற்றும் தணிப்பு சிகிச்சைச் (தீராத நோயில் வேதனையைக் குறைக்கும் சிகிச்சை) சங்கத்தைத் தொடங்கினார்கள். 'என்டிபிஎஸ் சட்டம் கொடுமையானது, நீக்கு' என்று அவர்கள் சொல்லவில்லை. அரசின் பயம் என்ன என்று பார்த்தார்கள். மார்ஃபின் வீட்டுக்குப் போனால் தெருவுக்குப் போய்விடும் என்பது பயம். அதற்குப் பதில் சொல்லக் கூடியது கணக்கு மட்டுமே. 2 ஆண்டில் வெளிநோயாளிகளாக வாய்வழி மார்ஃபின் வாங்கிப்போன 1,723 பேரின் பதிவுகளை எடுத்தார்கள். யாருக்கு எத்தனை மாத்திரை, எத்தனை திரும்பி வந்தது, எங்காவது கைமாறியதா என்று பார்த்ததில் ஒரு கைமாற்றமும் தெரியவில்லை. 2001-ல் அது லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதற்கு முன்பே, 1998-ல், மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் எளிமையான மாதிரி விதியை அனுப்பியிருந்தது. அந்த விதியை எழுதுவதிலேயே இவர்களும் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக வலிக் கொள்கை ஆய்வுக் குழுவும் அதிகாரிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பல லைசென்ஸ்களுக்குப் பதிலாக மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமிருந்து ஒரே அங்கீகாரம் போதும், பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அதிகாரி மேசையில் வைக்கத் தயாராக இருந்த வாசகம் அது.

கேரளம் அதை ஏற்றுக்கொண்டு நடைமுறைப்படுத்தியது. பல மாநிலங்கள் ஏற்கவேயில்லை. ஏற்ற சிலவற்றிலும் விண்ணப்பப் படிவம் அச்சாகவில்லை, எந்த அதிகாரி அங்கீகாரம் தர வேண்டும் என்பது முடிவாகவில்லை. 'விதி மாறியாயிற்று' என்று நினைத்த ஊர்களில் நோயாளி கைக்கு மாத்திரை வரவில்லை. மாநிலம் மாநிலமாகப் போவது நடக்காது என்று தெரிந்த பிறகு, 2007-ல் இந்தியத் தணிப்பு சிகிச்சைச் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. நாடாளுமன்றத்தில் 2011-ல் வந்த திருத்த மசோதா கிடப்பில் கிடந்து, 2014 பிப்ரவரியில், அந்த மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடரில், நிறைவேறியது. 'அத்தியாவசிய போதை மருந்து' என்ற புதுப் பிரிவு உருவானது. அவற்றுக்கான விதி எழுதும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து மத்திய அரசுக்குப் போனது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் என ஆறு மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே விதி.

இதற்குள் கேரளத்தில் வேறொரு வேலையும் நடந்திருந்தது. அதைக் கவனிக்காமல் விட்டால் கதையின் பாதி போய்விடும். தணிப்பு சிகிச்சை டாக்டர்களின் விவகாரமாக நிற்காமல் வார்டுக்கு வார்டு தொண்டர்களின் வேலையானது. படுக்கையில் கிடக்கும் பெரியவரின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய்ப் புண் துடைக்கும் ஆட்கள் ஊர்தோறும் இருந்தார்கள். 2008-ல் மாநில அரசு தணிப்பு சிகிச்சைக் கொள்கையை அறிவித்தது, பஞ்சாயத்துகள் நிதி ஒதுக்கின. கட்சிக் கொடி எந்த நிறமானாலும் அதை எதிர்த்துப் பேச எந்த மெம்பராலும் முடியாது, அவர் தெருவிலேயே அந்தச் சேவை வாங்கும் குடும்பம் இருக்கிறது. சட்டம் கேட்கும் இயக்கத்துக்கு இந்த வேர் வேண்டும்.

அதே 2014 திருத்தத்தில் இன்னொரு விஷயமும் நடந்தது. சிறு அளவு வைத்திருப்பதற்கான அதிகபட்சத் தண்டனை 6 மாதத்திலிருந்து ஓராண்டாக உயர்ந்தது. ஒரு பக்கம் ஜெயித்த மசோதாவிலேயே இன்னொரு பக்கம் தோல்வி. மார்ஃபினுக்காகப் பேச நோயாளிகளின் குடும்பங்களும் டாக்டர்களும் இருந்தார்கள். பொட்டலத்தோடு பிடிபட்ட பையனுக்காகப் பேச அந்த அறையில் பெரிதாக யாரும் இல்லை. உங்கள் வேலை சரியாக அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஆந்திர எல்லைப் பக்கம் போனால் 1992-ன் துபகுண்டா. நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர். எழுத்தறிவு இயக்கத்தின் இரவு வகுப்பில், பெண்கள் சேர்ந்து சாராயக்கடையை மூடிய ஒரு பாடம் இருந்தது. படித்தவர்கள் அதைத் தங்கள் ஊரிலேயே செய்தார்கள். ரோசம்மா என்ற பெண்ணின் பெயர் அதனால்தான் வெளியே தெரிந்தது. அடுத்தடுத்த ஊர்களுக்கு அது பரவிய வேகத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். நான் கவனிக்கச் சொல்வது அவர்கள் கை வைத்த இடத்தை. சாராயம் ஏலத்தில் விடப்பட்டது. ஏலத்துக்குத் தேதி உண்டு, மேசை உண்டு, கலெக்டர் அலுவலகத்து வாசல் உண்டு. பெண்கள் அந்த வாசலில் உட்கார்ந்தார்கள். ஏலம் பலமுறை தள்ளிப்போனது. ஒவ்வொரு தள்ளிவைப்பும் கஜானாவில் நேராகத் தெரிந்தது. 1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்தில் சாராயம் தடை, அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுக்க.

பிறகு கோரிக்கை 'எல்லா மதுவும்' என்று விரிந்தது. என்.டி. ராமராவ் 1994 தேர்தலில் அதை வாக்குறுதியாக்கி ஜெயித்து, 1995 ஜனவரியில் பூரண மதுவிலக்கு கொண்டுவந்தார். பக்கத்து மாநிலங்களிலிருந்து சரக்கு வந்தது, வருமானம் போனது, 1997-ல் சந்திரபாபு நாயுடு அரசு அதைத் தளர்த்தியது. சாராயத் தடை மட்டும் நின்றது. குறுகிய கோரிக்கை தங்கியது, அகலமானது இரண்டு ஆண்டு சொச்சத்தில் கரைந்தது. கேரளத்திலும் ஏ.கே. ஆண்டனி அரசு 1996 ஏப்ரல் 1 முதல் சாராயத்தைத் தடை செய்தது இன்றுவரை இருக்கிறது. 2014-ல் உம்மன் சாண்டி அரசு 418 பார்களின் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டு, பிறகு ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கு மட்டும் என்று சுருக்கியதை, 2017-ல் அடுத்த ஆட்சி மாற்றியது. சாராயத் தடைக்குப் பின்னான விலையையும் மறைக்கக் கூடாது. 2000 அக்டோபரில் கல்லுவாதுக்கல்லில் கள்ளச்சாராயம் 31 உயிரைக் குடித்தது. கடையை மூடக் கேட்கும் இயக்கம், அந்தக் கடையில் தினமும் நின்றவன் மறுநாள் எங்கே போவான் என்பதற்கு ஏற்பாடு கேட்காவிட்டால் இப்படித்தான் நடக்கும்.

வெளிநாட்டு உதாரணங்களில் மூன்று போதும்.

சுவிட்சர்லாந்தில், ஜூரிச் நகரப் பூங்காவில் பகிரங்கமாக ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களை 1992-ல் போலீஸ் அப்புறப்படுத்தியதும் அவர்கள் ரயில் நிலையப் பக்கம் போனார்கள். அதன் பிறகுதான் தடுப்பு, சிகிச்சை, தீங்கு குறைப்பு (பழக்கத்தை விடாதவருக்கும் நோயும் சாவும் வராமல் பார்ப்பது), சட்ட அமலாக்கம் என்ற நான்கு தூண் கொள்கை கெட்டிப்பட்டது. கடுமையான ஹெராயின் அடிமைகளுக்கு டாக்டர் மேற்பார்வையில் அதையே மருந்தாகக் கொடுக்கும் சோதனை 1994-ல் தொடங்கியது. 2008 வாக்கெடுப்பில் 68 சதவீதம் பேர் அதை நிரந்தரமாக்க வாக்களித்தார்கள். அதே நாளில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் கோரிக்கையை 63 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 14 ஆண்டு கண்ணெதிரே நடந்ததைப் பார்த்தவர்கள் ஒன்றை ஏற்றார்கள், அப்படிப் பார்க்காததை மறுத்தார்கள்.

போர்ச்சுகல் 1998-ல் நிபுணர் குழு போட்டு, 1999-ல் திட்டம் எழுதி, சட்டத்தை 2001 ஜூலையில் அமல்படுத்தியது. 10 நாள் சொந்த உபயோகத்துக்கு மேற்படாத அளவு வைத்திருந்தால் கிரிமினல் குற்றமில்லை. அந்த அளவும் எழுதப்பட்டது: ஹெராயின் 1 கிராம், கொக்கெய்ன் 2 கிராம், கஞ்சா 25 கிராம். பிடிபட்டவர் கோர்ட்டுக்குப் போகாமல் மூன்று பேர் கொண்ட ஆணையத்தின் முன் உட்காருவார். சிகிச்சை மையங்களை விரிவாக்குவதும் அதே திட்டத்தின் பகுதி.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020 நவம்பரில் 58 சதவீத வாக்கோடு இதைப் போலச் செய்தது. 2021 பிப்ரவரியில் தண்டனை போயிற்று, 100 டாலர் அபராதச் சீட்டு வந்தது. உதவி எண்ணுக்குப் போன் செய்தால் அபராதம் கிடையாது. போன் செய்தவர்கள் மிகக் குறைவு. சிகிச்சைக்கான பணம் அமைப்புகளின் கைக்கு வரத் தாமதமானது, அந்த நேரத்தில் ஃபென்டனில் தெருவில் புகுந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் மறுபடியும் குற்றமாக்கப்பட்டது. தண்டனையை எடுப்பது ஒரே நாளில் நடக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலும் மனநல ஆலோசகரும் வர ஆண்டுகள் ஆகும். இரண்டையும் ஒன்றாகக் கேட்டு, சிகிச்சையை முன்னால் வைக்க வேண்டும்.

இனி உங்கள் ஊர். முதலில் சட்டம் இன்று என்ன சொல்கிறது என்பதை மன்றத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். 2001 திருத்தத்திலிருந்து தண்டனை எடையைப் பொறுத்தது. கஞ்சா 1 கிலோவுக்குக் கீழே சிறு அளவு, 20 கிலோவுக்கு மேலே வணிக அளவு. அதே வரிசையில் ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். சரஸ் (கஞ்சாப் பிசின்) 100 கிராம், 1 கிலோ. எம்டிஎம்ஏ என்ற செயற்கைப் போதைப்பொருள் அரை கிராம், 10 கிராம். சிறு அளவுக்கு ஓராண்டு வரை, இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை, வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டு. கலப்படத்தோடு சேர்த்து மொத்த எடையே கணக்கு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கஞ்சாவில் 1 கிலோ என்பது சொந்தமாகப் புகைப்பவன் தாண்டாத எல்லை. எம்டிஎம்ஏவில் அரை கிராம் ஒரு சிட்டிகை, அதைத் தாண்டினால் இடைப்பட்ட அளவு. இப்போது பையன்கள் அங்கேதான் விழுகிறார்கள். கஞ்சாவை மட்டும் மனதில் வைத்துக் கோரிக்கை எழுதினால் அவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள்.

பயன்படுத்துவது பிரிவு 27. அதற்குப் பொருளைப் பொறுத்து ஆறு மாதம் வரை அல்லது ஓராண்டு வரை சிறை. இந்தச் சட்டத்தில் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது பிரிவு 64ஏ. பிரிவு 27-லோ சிறு அளவு வழக்கிலோ மாட்டிய அடிமைப்பட்டவர், தானே முன்வந்து, அரசோ உள்ளாட்சியோ நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் போதை மீட்பு சிகிச்சை எடுத்தால் அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம். பிரிவு 39, தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பிரிவு 71, சிகிச்சை மையங்கள் அமைக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது.

அதாவது நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 'நடத்தும் அல்லது அங்கீகரித்த இடம்' என்ற சொற்களில்தான் முடிச்சு. பக்கத்தில் அப்படிப்பட்ட இடம் இல்லையென்றால் 64ஏ காகிதத்தோடு நின்றுவிடும். பிடிபட்ட பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. வக்கீலும் சிறு வழக்குதானே என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டச் சொல்வார். கட்டினால் அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம், ஆனால் தண்டனை பெற்றவன் என்ற பதிவு நிற்கும். வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்கும்போது அது எழுந்து வரும். வளைகுடா வேலையை நம்பியிருக்கும் மாவட்டத்தில் இது எத்தனை வீடுகளை உடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கோரிக்கை மூன்று வரியில் அடங்க வேண்டும். ஒன்று, தாலுகா ஆஸ்பத்திரியில் வாரம் ஒருநாள் போதை மீட்பு வெளிநோயாளர் பிரிவும் சில கட்டில்களும், அவை 64ஏ-க்கான சிகிச்சை இடம் என்று தெளிவாகச் சொல்லும் எழுத்துபூர்வ உத்தரவும். இரண்டு, சிறு அளவில் பிடிபடும் ஒவ்வொருவருக்கும் 64ஏ பற்றித் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்ட தாள் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து எடுக்க வேண்டும் என்று எக்ஸைஸ், போலீஸ் இரு துறைகளுக்கும் சுற்றறிக்கை. மூன்று, 18 வயதுக்கு உட்பட்டவர்களை ஸ்டேஷனில் உட்கார வைக்காமல் சிறார் நீதிச் சட்டப்படி நடத்துவது. நாலாவது ஒன்றைச் சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள்.

கையெழுத்துப் போடுபவர் யார் என்பதைத் தேடுங்கள். கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பு, சமுதாய சுகாதார நிலையம் பிளாக் பஞ்சாயத்தின் பொறுப்பு. டாக்டர் நியமனம் சுகாதாரத் துறை கையில். மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மட்டத்தில் குறித்த நாள்களில் வந்து பார்க்கும். அந்த நாள்களைக் கூட்டச் சொல்வது புதுப் பணியிடம் கேட்பதைவிடப் பத்து மடங்கு சுலபம். எக்ஸைஸ் துறையின் போதை விழிப்புணர்வுத் திட்டமான விமுக்தி 2016-ல் தொடங்கியது, அதற்கு வார்டு வரை குழுக்கள் இருக்க வேண்டும். உங்கள் வார்டுக் குழுவில் யார் யார், கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியே அதை உயிர்ப்பிக்கும்.

எண்கள் சேர்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கேள்வி குறுகலாக இருக்க வேண்டும். 'கடந்த மூன்று ஆண்டில் உங்கள் எக்ஸைஸ் ரேஞ்சில் பதிவான என்டிபிஎஸ் வழக்குகள் எத்தனை, அவற்றில் சிறு அளவு எத்தனை, பிரிவு 27 எத்தனை, 64ஏ பயன்படுத்தப்பட்டவை எத்தனை, பிரிவு 39-ன்படி சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவை எத்தனை?' கடைசி இரண்டுக்கும் பூஜ்யம் என்று பதில் வந்தால் அதுவே உங்கள் துண்டறிக்கையின் முதல் வரி. 'போதைப் பழக்கம் பற்றிய எல்லா விவரங்களும்' என்று கேட்டால் 'தொகுக்கப்படவில்லை' என்று ஒரு வரியில் திரும்பிவிடும்.

கூடவே இன்னொரு கணக்கை நீங்களே எடுங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மிக அருகில் உள்ள அரசு போதை மீட்பு மையத்துக்கு எத்தனை பஸ் மாற வேண்டும், போக வர எவ்வளவு செலவு, ஒரு நாள் கூலி எவ்வளவு போகிறது. கூலிக்குப் போகும் அம்மா மகனை வாரம் ஒருமுறை கூட்டிப்போய் வர எவ்வளவு ஆகும் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆயிரம் கையெழுத்து மனுவைவிட அந்தத் தாளை அதிகாரி நிதானமாகப் படிப்பார்.

கிராம சபையை வீணாக்காதீர்கள். கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி அது வார்டுவாரியாக மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை. குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களில் (பெண்கள் சுயஉதவிக் குழுக்கள்) முன்பே பேசிப் பெண்களைக் கொண்டுவந்தால் கோரமும் நிறையும், பேச்சும் மாறும். தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள், மினிட்ஸ் புத்தகத்தில் அப்படியே ஏறியதா என்று அன்றே பாருங்கள். உங்கள் தாலுகாவிலேயே, பெருமாட்டியில், 2003-ல் பஞ்சாயத்து தன் லைசென்ஸ் அதிகாரத்தை வைத்துத்தான் பிளாச்சிமடை கோகோ கோலா ஆலையைத் தடுத்தது. போராட்டப் பந்தலில் மயிலம்மா போன்ற ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், சட்டத்தின் கைப்பிடி பஞ்சாயத்திடம் இருந்தது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன.

மொழி விஷயத்தில் தயங்க வேண்டாம். 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. மனு தமிழில் இருக்கட்டும். ஆனால் அரசாணைக்கான மாதிரி வாசகத்தை மலையாளத்திலும் இணையுங்கள். திருவனந்தபுரத்தில் அந்தக் கோப்பைக் கையாளும் செக்ஷன் கிளார்க் வெட்டி ஒட்டக் கூடியதாக அது இருக்க வேண்டும். சட்ட உதவிக்குத் தாலுகா சட்டப்பணிக் குழுவைப் பிடியுங்கள். போதைப் பழக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2015-ல் தனித் திட்டமே போட்டிருக்கிறது, அதன் பெயரைச் சொல்லிக் கேட்டால் இலவச வக்கீலும் தன்னார்வலரும் கிடைப்பார்கள்.

யார் முன்னால் நிற்பது? பழக்கத்திலிருந்து மீண்டவர்களும் இன்னும் மீளாதவர்களும் குழுவுக்குள் இருக்க வேண்டும். மணிப்பூரில் எய்ட்ஸ் பரவிய காலத்தில் ஊசி போடுபவர்களோடு சேர்ந்து வேலை செய்த அமைப்புகள் இருந்ததால்தான் 1996-லேயே அந்த மாநிலம் தீங்கு குறைப்பைக் கொள்கையாக எழுதியது. பிறகு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு சுத்தமான ஊசியையும் ஹெராயினுக்கு மாற்றாக நாக்கடியில் வைக்கும் புப்ரநார்ஃபின் மாத்திரையையும் நாடு முழுக்கத் திட்டமாக்கியது. ஆனால் பெயரையும் முகத்தையும் வெளியே காட்டாதீர்கள். சின்ன ஊர், நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும். வெளியே பேச ஒரு டாக்டர், ஓய்வுபெற்ற எக்ஸைஸ்காரர் ஒருவர், ஒரு ஆசிரியை, ஒரு அம்மா. எக்ஸைஸ்காரர் மிக முக்கியம். 'சிறு வழக்குகளில் எங்கள் ஆள்களின் நேரம் போகிறது, பெரிய சரக்கைப் பிடிக்க விடுங்கள்' என்று அவர் சொன்னால் எதிர்ப்பில் பாதி அடங்கும்.

ஊர்க்காவல் குழு என்ற பெயரில் பையன்களைப் பிடித்து அடித்து ஸ்டேஷனில் ஒப்படைக்கும் பழக்கம் பல இடங்களில் பரவுகிறது. மன்றத்தில் யாராவது அதைச் சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். ஒருவனை அடித்தால் பத்துக் குடும்பம் கதவைச் சாத்திக்கொள்ளும், சிகிச்சைக்கு வர வேண்டியவன் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ போய்விடுவான். அதேபோல அரசு மையம் வருவதற்குள் யாராவது வாடகை வீட்டில் மறுவாழ்வு இல்லம் திறப்பார்கள். 2017 மனநலச் சட்டப்படி அது மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவு எண் கேளுங்கள், இல்லையென்றால் ஒருவரையும் அங்கே அனுப்பாதீர்கள்.

எல்லையை மறந்து எந்தத் திட்டமும் போடக் கூடாது. அட்டப்பாடியில் பழங்குடிப் பெண்களின் தாய்க்குல சங்கம் போராடியது, மதுவிலக்கும் வந்தது. ஆண்கள் நடந்து போய் ஆனைகட்டியில் தமிழ்நாட்டுக் கடையில் குடித்தார்கள். பெண்கள் எல்லை தாண்டிப் போய் அந்தக் கடைக்கு எதிராகவும் உட்கார வேண்டியிருந்தது. உங்கள் ஊரிலும் வேலந்தாவளத்திலோ கோபாலபுரத்திலோ செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் பிடிபட்டால் வழக்கு கோவை மாவட்டத்துக்குப் போகும். சுற்றறிக்கை கேரளத்தில் மட்டும் வந்தால் பாதிப் பையன்களுக்குப் பயனில்லை. கோவை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக் குழுவுக்கும் அதே மனுவின் நகலை முதல் நாளே அனுப்புங்கள்.

உத்தரவு கைக்கு வந்ததும் அதன் எண், தேதி, உட்பிரிவு எல்லாவற்றையும் ஒரு வக்கீலை வைத்து வரி வரியாகப் படிக்க வேண்டும். 2014 திருத்தத்தில் 'அத்தியாவசிய போதை மருந்து' என்பதன் விளக்கத்தை நுழைத்தபோது பழைய உட்பிரிவின் எண் மாறியது. கடத்தலுக்குப் பணம் கொடுப்பவர்களைத் தண்டிக்கும் பிரிவு 27ஏ பழைய எண்ணையே சுட்டிக்கொண்டு நின்றது. திரிபுரா உயர் நீதிமன்றம் சொல்லி, 2021-ல் அவசரச் சட்டம் கொண்டுவந்துதான் சரிசெய்தார்கள். ஏழு ஆண்டு அந்தப் பிழை கிடந்தது.

தூரத்தை எண்ணில் எழுதினால் அதைச் சுற்றி வழி கண்டுபிடிப்பார்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, மாநிலங்கள் சாலைகளின் வகையை மாற்றின. தமிழ்நாட்டில் கடைகள் ஊருக்குள் நகர்ந்து, 2017 முழுக்கப் பெண்கள் மறியல் செய்தார்கள். கேரளத்தில் வடக்குப் பரவூரில் ஒரு பார் வாசலுக்குச் சுற்றுச்சுவர்ப் பாதை கட்டி நடக்கும் தூரத்தை நீட்டியது. அதே ஆண்டு, மதுக்கடைக்கு உள்ளாட்சியின் சம்மதம் வேண்டும் என்ற அதிகாரத்தை மாநில அரசு ஓர் அவசரச் சட்டத்தால் எடுத்துவிட்டது. அந்த அதிகாரத்துக்காக முன்பு போராடியவர்களில் பலர் அப்போது வேறு வேலையில் இருந்தார்கள். அரசிதழை மாதம் ஒருமுறை பார்க்க மன்றத்தில் ஒருவரை நியமியுங்கள்.

வெளிநோயாளர் பிரிவு தொடங்கிய மாதத்திலிருந்து தகவல் அறியும் உரிமை மனுவில் கேட்ட அதே ஐந்து கேள்விகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருங்கள். கூடவே மருந்தக இருப்பையும் கேளுங்கள்: புப்ரநார்ஃபின், டயஸிபாம், தயமின் எந்தெந்த நாளில் இல்லாமல் இருந்தது? டாக்டர் எத்தனை வாரம் வரவில்லை? 64ஏ தாளில் எத்தனை கையெழுத்து விழுந்தது, அவர்களில் எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்? கையெழுத்து நிறைய இருந்து வருகை குறைவாக இருந்தால் நேரத்தில் கோளாறு. காலை 9 மணிக்குக் கூலி வேலைக்குப் போகிறவன் வர முடியாது, மாலை 4 மணிக்கு மாற்றச் சொல்லுங்கள். கையெழுத்தே இல்லாவிட்டால் தாள் ஸ்டேஷனில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது, நேரில் போய்ப் பாருங்கள்.